வாங்காத வீட்டுக்கு வாங்கிய ரிப்போர்ட்

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்று பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். கட்டின வீட்டை வாங்கப் போனாலும் அதே பாடுதான் என்பது எனக்கு 2023-ல் புரிந்தது. தோழிகள் யாராவது வீடு பார்த்துக் கொண்டிருந்தால் உபயோகப்படுமே என்று எழுதுகிறேன்.

திருச்சியில் நாங்கள் குடியிருக்கும் வாடகை வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு தனி வீடு விலைக்கு வந்தது. கட்டி இருபது வருஷம் ஆன வீடு. வாசலில் வேப்பமரம், கொல்லையில் துவைக்கிற கல், சமையலறையில் கிழக்குப் பார்த்த ஜன்னல். பார்த்த அன்றைக்கே கிரைண்டரை எந்த மூலையில் வைப்பது என்று மனசுக்குள் முடிவு பண்ணிவிட்டேன்.

என் வீட்டுக்காரர் நிதானக்காரர். "அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் பார்த்துடலாம்" என்றார். ஜூன் மாதம் ஒரு இன்ஜினீயரைக் கூட்டி வந்தோம். மொட்டை மாடி, தூண், சுவர், சம்ப் என்று ஒன்று விடாமல் தட்டிப் பார்த்து, போட்டோ எடுத்து, நாலு பக்கத்துக்கு ரிப்போர்ட் கொடுத்தார். பாத்ரூம் சுவரில் கொஞ்சம் ஓதம், மற்றபடி கட்டடம் கெட்டி என்று எழுதியிருந்தார். அவருக்கு 4,500 ரூபாய். வக்கீலின் லீகல் ஒப்பீனியனுக்கு 6,000. தாய்ப்பத்திர நகல், வில்லங்கம், ஜெராக்ஸ் என்று இன்னொரு 2,000. மொத்தம் 12,500 ரூபாய். நான் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

கட்டடம் கெட்டிதான். பத்திரத்தில்தான் விரிசல் இருந்தது! வீட்டை விற்க வந்தவர்கள் அண்ணன், தம்பி இரண்டு பேர். அப்பா சொந்தச் சம்பாத்தியத்தில் கட்டிய வீடு. உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். அம்மாவும் இல்லை. வக்கீல் வாரிசுச் சான்றைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அதில் மூன்றாவதாக ஒரு பெயர், கட்டிக் கொடுத்த தங்கை.

"அவளுக்குத்தான் நகை போட்டு, சீர் செஞ்சு அனுப்பியாச்சே!" என்றார் அண்ணன். வக்கீல் ஒத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் சொந்தச் சொத்தில், உயில் இல்லாவிட்டால் மகனுக்கு உள்ள பங்கு மகளுக்கும் உண்டு, 1956-ம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது, சீர் செய்ததால் பங்கு போய்விடாது என்றார். அந்தத் தங்கையும் கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போடணும், இல்லை விடுதலைப் பத்திரம் பதிவு பண்ணிக் கொடுக்கணும். இல்லாவிட்டால் அவள் பங்கு நமக்கு வராது, நாளைக்குக் கோர்ட்டுக்கு இழுத்தால் பதில் சொல்ல வேண்டியது நாம்தான். அண்ணன், தம்பி இரண்டு பேரும் தங்கையிடம் கேட்கவே மாட்டோம் என்று நின்றார்கள். நாங்கள் விலகிக்கொண்டோம். ரெண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விஷயம் அதோடு முடியவில்லை. டிசம்பரில் புரோக்கர் வந்தார். "சார், வேற பார்ட்டி வந்திருக்கு. உங்ககிட்ட இருக்கிற இன்ஜினீயர் ரிப்போர்ட்டைக் குடுங்க, 4,000 வாங்கித் தர்றேன். பீரோவில சும்மாதானே கிடக்கு?" என்றார்.

எனக்கு ஆசைதான். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய நேரம். "நம்ம காசு போட்டு எடுத்த ரிப்போர்ட். வித்தா என்ன தப்பு?" என்றார் இவரும்.

"வக்கீல் எழுதிக் குடுத்ததையும் சேர்த்து வாங்கிக்கிறாங்களா?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் வேண்டாம்மா, இன்ஜினீயர் பேப்பர் மட்டும் போதும்."

அந்தப் பதில்தான் உறுத்தியது. நல்லதைச் சொல்கிற காகிதம் மட்டும் வேண்டும், கெட்டதைச் சொல்கிற காகிதம் வேண்டாமாம்! நாங்கள் ஏன் விட்டோம் என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியுமா? நானும் ஒரு வீட்டில் பிறந்து, சீரோடு அனுப்பப்பட்ட பெண்தானே.

யோசித்துச் சொல்கிறோம் என்று புரோக்கரை அனுப்பிவிட்டு, இன்ஜினீயருக்குப் போன் பண்ணினேன். அவர் சொன்னது எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது.

"அம்மா, அது உங்க வீட்டுக்காரர் பேருக்கு நான் எழுதினது. அதுல தப்பு இருந்தா நீங்க என்னைக் கேட்கலாம். வேற ஒருத்தர் அதை நம்பி வாங்கிட்டு வந்து கேட்டா, உங்களுக்கு நான் எழுதலையேன்னுதான் சொல்லுவேன். இன்னொண்ணு, நான் பார்த்தது ஜூன் மாச வெயில்ல. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அப்புறம் அந்த மாடி எப்படி இருக்குன்னு எனக்கே தெரியாது."

புரோக்கரிடம் அந்தக் குடும்பத்தின் போன் நம்பர் கேட்டேன், தரவில்லை. வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் அண்ணன்தான், "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வர்றாங்கம்மா" என்று சொன்னார். போய் நின்றேன். என் வயசுதான் இருக்கும், கைக்குழந்தையோடு ஒரு பெண். மெதுவாகத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, முன்னாடி பார்த்தவங்களுக்கு லோன் கிடைக்கல, அதனாலதான் விட்டுட்டாங்கன்னு புரோக்கர் சொன்னாரே! நாளைக்கு என் வளையலை அடகு வெச்சு அட்வான்ஸ் குடுக்கறதா இருந்தோம்" என்றாள்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அதே இன்ஜினீயரை அவர்கள் தங்கள் பேரில் வரவழைத்தார்கள். பழைய குறிப்பு கையில் இருந்ததால் 2,500-தான் வாங்கினார். மழையில் மாடித் தட்டோடு இடுக்கு வழியாகத் தண்ணீர் இறங்கி, ஒரு ரூமின் சீலிங்கில் ஈரம் கண்டிருந்தது. எங்கள் ரிப்போர்ட்டில் அது இல்லவே இல்லை! அந்த ரிப்பேர் செலவை விலையில் குறைத்தார்கள். தங்கை கையெழுத்து இல்லாமல் ஒரு பைசா தர மாட்டோம் என்று உறுதியாகவும் நின்றார்கள். வாங்க வருகிறவர்கள் எல்லோரும் அதையே கேட்டால் அண்ணன்கள் என்ன செய்வார்கள்? மூன்று மாசம் கழித்து, மூன்று பேரும் ரிஜிஸ்டர் ஆபீசுக்கு வந்தார்கள். தங்கைக்கும் அவள் பங்குப் பணம் கைக்கு வந்ததாம்.

எங்களிடம் இருந்த தாய்ப்பத்திர நகல்களை மட்டும் அவர்களுக்குக் கொடுத்தோம். ஆபீசில் நாங்கள் கட்டிய தொகைக்கு மேல் ஒரு ரூபாய் வாங்கவில்லை.

இதில் நான் கற்றுக்கொண்டது இதுதான். பழைய பத்திர நகல் யார் கையில் இருந்தாலும் ஒன்றுதான், அதைக் கை மாற்றலாம். வில்லங்கம் அப்படி இல்லை. அது எந்தத் தேதி வரைக்கும் போட்டதோ அதுவரைக்கும்தான் பேசும். அதற்கு மறுநாள் யாராவது பத்திரம் பதிந்திருந்தால் அதில் தெரியாது. பதிவுத் துறையின் இணையதளத்தில் காசில்லாமலே பார்க்கலாம் என்பதால், புதிதாகவே பார்த்துக்கொள்ளுங்கள். பதியாத உயில், வாய் வார்த்தையாகப் பிரித்த பாகம் இதெல்லாம் வில்லங்கத்தில் வராது. இன்ஜினீயர் ரிப்போர்ட்டும் வக்கீல் ஒப்பீனியனும் நம் பேரில், நம் காசில், அன்றைய தேதிக்கு வாங்கியவையாக இருக்க வேண்டும். யாராவது பழையதைக் கொடுத்தால் படித்துப் பாருங்கள், அதை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். உங்களிடம் யாராவது கேட்டால், அந்த இன்ஜினீயரின் போன் நம்பரைக் கொடுங்கள். நீங்கள் ஏன் விட்டீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

12,500 போனது போனதுதான். இவர்கூட, "லட்சக்கணக்கில் போகாம இருக்கக் கட்டின காசுன்னு நினைச்சுக்கோ" என்று இப்போது சொல்கிறார். மார்க்கெட்டுக்குப் போகும்போது அந்த வீட்டு வழியாகத்தான் போவேன். வேப்பமரத்தடியில் பெரிதாகக் கோலம் போட்டிருப்பாள். கொஞ்சம் ஏக்கமாகத்தான் இருக்கும். அவள் என்னைப் பார்த்துவிட்டால் விடமாட்டாள், "அக்கா, ஒரு வாய் காபி குடிச்சிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். கிரைண்டர் நான் நினைத்த மூலையில்தான் இருக்கிறது.

- திருச்சி வாசகி