இருமல் மருந்தில் எமன்! எலியை வைத்துப் பிடித்த மாணவி

குழந்தைக்கு இருமல் வந்தால் மருந்துக் கடைக்கு ஓடுகிறோம். பாட்டிலைத் திறந்து ஊற்றுகிறோம். "உள்ளே என்ன இருக்கு?" என்று யாரும் கேட்பதில்லை. மருந்தாச்சே என்ற நம்பிக்கை!

அந்த நம்பிக்கையில் 2025-ல் மண் விழுந்தது. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தைக் குடித்து, மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் கெட்டுப் பரிதாபமாக இறந்தனர்.

தமிழக மருந்து கட்டுப்பாட்டுத் துறை அந்த மருந்தைச் சோதித்தது. திடுக்கிடும் உண்மை வெளிவந்தது. "டை எத்திலீன் கிளைகால்" என்ற விஷம் 48.6 சதவீதம்! இருக்கலாம் என்று விதி சொல்வது 0.1 சதவீதம்தான்.

இந்த எமன் புது ஆள் அல்ல. 1937-லேயே அமெரிக்காவில் ஒரு மாணவியின் கண்ணில் பட்டவன்!

105 பேர் சாவு

அந்த ஆண்டு ஒரு அமெரிக்கக் கம்பெனி, சல்பா மருந்தை இந்தத் திரவத்தில் கரைத்து பாட்டிலில் விற்றது. ருசி பார்த்தார்கள், வாசனை பார்த்தார்கள். ஆளைக் கொல்லுமா என்று மட்டும் பார்க்கவில்லை! 105 பேர் மாண்டனர். அதில் 34 பேர் குழந்தைகள்.

கொன்றது சல்பாவா, கரைத்த திரவமா?

சிக்காகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கைலிங் சோதனையில் இறங்கினார். அவரிடம் இருந்த ஆராய்ச்சி மாணவி பிரான்சஸ் ஓல்டாமுக்கு வயது 23. எலிகளுக்கு சல்பா தனியாக, திரவம் தனியாக, கலந்த மருந்து தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். குற்றவாளி திரவம்தான் என்று தெரிந்துபோனது.

மறு ஆண்டே சட்டம் வந்தது. ஆபத்தில்லை என்று காட்டாமல் புது மருந்தை விற்கக் கூடாது!

அதே மாணவிதான் பிறகு டாக்டர் பிரான்சஸ் கெல்சி. 1960-ல் அரசு அதிகாரியாக இருந்து, "தாலிடோமைடு" மாத்திரைக்கு அனுமதி தராமல் தடுத்தவர். மற்ற நாடுகளில் அதைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளுக்குக் கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன.

காலேஜ் சோதனை

இன்று இந்த விஷத்தைப் பிடிக்க எலிகூட வேண்டாம். சிலிக்கா பூசிய தகட்டில் மருந்தை ஒரு பொட்டு வைத்து, ஜாடியில் கொஞ்சம் கரைப்பான் ஊற்றி நிறுத்தினால், கலந்திருப்பவை தனித்தனிப் பொட்டாகப் பிரியும். பக்கத்திலேயே விஷத்தின் பொட்டு. இரண்டையும் ஒப்பிட வேண்டியதுதான்.

கெமிஸ்ட்ரி மாணவர்கள் லேபில் பழகும் "தின் லேயர்" சோதனை இது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் முதல் கட்டச் சோதனையும் இதுவே.

மாணவர் கையால் செய்யக்கூடிய வேலை. கம்பெனிக்குள் வரும் ஒவ்வொரு டிரம்முக்கும் அதைச் செய்திருந்தால், அந்தப் பிஞ்சுகள் பிழைத்திருக்கும்!