சிவிக்கைத் தூக்கிய 20 மில்லிமீட்டர்

2019 மார்ச்சில் ஹோண்டா சிவிக் இந்தியாவுக்குத் திரும்பி வந்தபோது, வெளிநாட்டில் விற்றதைவிட முன்பக்கம் 20 மி.மீ., பின்பக்கம் 15 மி.மீ. உயர்த்தியிருந்தார்கள். வெறும் 2 சென்டிமீட்டர்ல என்ன ஆகிடப்போகுது? திருவொற்றியூர் உள்தெருவுல நாலு பேரை ஏத்திக்கிட்டு ஒரு செடானை ஓட்டிப் பாருங்க, தெரியும்.

இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-ல் வெளியிட்ட ஐ.ஆர்.சி. 99 விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் நீளம் இருக்கணும். சிவிக்கின் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.7 மீட்டர்தான். அதனால நாலு சக்கரமும் மேட்டின் மேலேயே ஏறிடும். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: நடுவில் வண்டியின் அடிப்பக்கத்தை நோக்கி மேடு எழும்புவது சுமார் 5 செ.மீ. மட்டுமே.

நம்ம தெருவுல ராத்திரியோட ராத்திரியா சிமெண்டைக் கொட்டிக் கட்டுற தடை ஒரு அடி அகலம்கூட இருக்காது. (யார் கட்டினதுன்னு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது!) அது 15 செ.மீ. உயரம்னா, அந்த 15-உம் முழுசா அடிவயித்துக்குத்தான். ஆள் ஏறினா ஸ்பிரிங் வேற அமுங்கும். உரசுமா உரசாதாங்கிறதை அங்கேதான் அந்த 2 செ.மீ. தீர்மானிக்குது.

இதுக்கும் ஒரு விலை உண்டு. உயரம் கூடினா வளைவுல வண்டி கூடுதலா சாயும்.

விளம்பரத்துல போடுற கிரவுண்ட் கிளியரன்ஸ் ஆளில்லாத வண்டிக்கானதா இருக்கலாம். டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தோட போங்க. உங்க தெரு வழியாவே ஓட்டுங்க.