மணலுக்கென்று ஒரு பல்லி

வீட்டுப் பல்லி விட்டத்தில் தலைகீழாக நடப்பது விரலடியில் உள்ள நுண்மயிர்களின் பலத்தால். அசையாத பரப்பு இருந்தால்தான் அந்த மயிர்கள் பற்றும். கால் வைத்ததும் சரிகிற மணலில் அவற்றால் என்ன பயன்? ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் உள்ள நமீப் பாலைவனத்துச் சவ்வுக்கால் பல்லிக்கு அந்த ஒட்டும் அமைப்பு பெரிதும் தேய்ந்துவிட்டது. அதற்குப் பதிலாக, வாத்துக்கு இருப்பதுபோல் விரல்களுக்கு இடையே சவ்வு விரிந்திருக்கிறது. சுவரேறும் பல்லிகளின் நெருங்கிய உறவினமே இப்படி மாறியிருப்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

பாக்கிடாக்டைலஸ் ரேஞ்சி என்பது இதன் அறிவியல் பெயர். 1908-இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அந்தப் பாதத்தின் சவ்வு வெறும் தோல் அல்ல. உள்ளே சின்னச் சின்னக் குருத்தெலும்புகளும் அவற்றை இயக்கும் தசைகளும் உண்டு. உடல் எடை பரவிவிடுவதால் கால் புதையாது. மணலை வாரித் தள்ளி வளை தோண்டுவதும் இதே பாதங்கள்தான். பகல் வெயிலை வளைக்குள் கழித்துவிட்டு, இருட்டியபின் பூச்சியும் சிலந்தியும் தேடி வெளியே வரும். தோல் இளஞ்சிவப்பு, உள்ளுறுப்புகள் மங்கலாகத் தெரியுமளவுக்கு மெல்லியது.

தண்ணீர் கடலிலிருந்து வருகிறது, ஆனால் மழையாக அல்ல. கரையோரம் வடக்கு நோக்கி ஓடும் பெங்குவேலா நீரோட்டம் குளிர்ந்தது. அதன்மேல் வீசும் ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிப் பாலைக்குள் நகர்கிறது. அந்த ஈரம் பல்லியின் உடலிலும் பெரிய கண்களிலும் துளித்துளியாகப் படிய, நாக்கை நீட்டி நக்கிக் குடித்துவிடுகிறது. இமை கிடையாது என்பதால் கண்ணில் விழுந்த மணலைத் துடைப்பதும் நாக்கின் வேலையே.

இவ்வளவு ஆராயப்பட்ட விலங்கிலும் ஒரு செய்தி 2021 வரை வெளிவராமல் இருந்தது. மியூனிக் ஆய்வாளர்கள் புற ஊதா ஒளியைப் பாய்ச்சியபோது, கண்ணைச் சுற்றியும் விலாவின் கீழ்ப்புறமும் பச்சை ஒளி பளிச்சிட்டது. குவானின் படிகங்கள் நிறைந்த நிறச்செல்களே அந்த ஒளிக்குக் காரணம். நீல ஒளியிலும் அது எழும்; நிலவொளியில் நீலம் உண்டு. விலாப் பட்டை தாழ்வாக இருப்பதால் மேலிருந்து நோக்கும் எதிரிக்கு அது எளிதில் தெரியாது. மணல்மட்டத்தில் நிற்கும் இன்னொரு பல்லிக்குத் தெரியும். பரந்த மணல்வெளியில் சிதறி வாழும் இவை ஒன்றையொன்று கண்டுகொள்ள இது உதவக்கூடும் என்பது அவர்களின் கருத்து.