நரியின் பல்லில் ஒரு தடயம்

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போலந்தின் கிழக்கு எல்லைப் பக்கம் செந்நரிகளிடையே தலைதூக்கிய ரேபிஸ், ஆண்டுக்கு 20 முதல் 60 கிலோமீட்டர் வரை மேற்கே நகர்ந்தபடி இருந்தது. 1967இல் சுவிட்சர்லாந்து. அடுத்த ஆண்டே பிரான்ஸ். நரிகளைச் சுட்டார்கள்; வளைகளுக்குள் விஷவாயு செலுத்தினார்கள். நோய் நின்றபாடில்லை. ஒரு நரி செத்தால் அதன் எல்லைக்குள் பக்கத்து நரி குடியேறிவிடும். கூடவே வைரஸும் வந்துவிடும்.

நரியைக் கொல்லாமல் நோயை மட்டும் மறிக்க வழி தேடியவர்களில் முக்கியமானவர் சுவிஸ் கால்நடை மருத்துவர் ஃபிரான்ஸ் ஸ்டெக். தடுப்பு மருந்து அடைத்த சிறு பொட்டலத்தைக் கோழித்தலையின் தோலுக்கடியில் செருகி, 1978 அக்டோபரில் சுவிட்சர்லாந்தின் ரோன் பள்ளத்தாக்கில் அவரது குழு போட்டது. இடத்தைத் தேர்ந்ததில்தான் சாமர்த்தியம். இருபுறமும் ஆல்ப்ஸ் மலை. நரி வர வேண்டுமென்றால் அந்தக் குறுகலான பள்ளத்தாக்கு வழியேதான் வர வேண்டும். மேல்நோக்கி வந்த நோய் அங்கேயே நின்றது. 1982இல், இதே பணியின்போது நடந்த ஹெலிகாப்டர் விபத்தில் ஸ்டெக் இறந்துபோனார்.

கோழித்தலையை உண்மையில் நரிதான் தின்றதா, காட்டுப்பன்றி தின்றதா? காட்டில் யார் போய்க் கேட்பது! அதைக் கண்டறிய இரையோடு டெட்ராசைக்ளின் என்ற மருந்தையும் சேர்த்திருந்தார்கள். அது எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியத்தோடு ஒட்டிக்கொள்ளும். வேட்டைக்காரர்கள் சுட்டுத் தந்த நரியின் பல்லை மெல்லிய சீவலாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால் மஞ்சள் கோடு ஒளிரும். இரண்டு கோடு தெரிந்தால் இரண்டு முறை தின்றிருக்கிறது. ஆனால் பல் சொல்வது தின்றதை மட்டும்தான். எதிர்ப்பாற்றல் வந்ததா என்பதை ரத்தத்தில்தான் பார்க்க வேண்டும்.

நோயைத் தேடும்போதோ கணக்கே வேறு. ஆரோக்கியமாக ஓடிய நரிகளை ஆயிரக்கணக்கில் சோதித்தாலும் பெரிதாக ஒன்றும் சிக்காது. பட்டப்பகலில் ஊருக்குள் தடுமாறியது, ஆளைக் கண்டும் ஓடாதது, செத்துக் கிடந்தது, சாலையில் அடிபட்டது – இவற்றின் மூளையைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். நாடுகள் அனுப்பிய இந்தச் சோதனை விவரங்களை ஜெர்மனியின் டூபிங்கனில் இருந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஒத்துழைப்பு மையம் திரட்டிக் காலாண்டுதோறும் வெளியிட்டது. வைரஸுக்கு எல்லைக்கோடு தெரியாதே; நாட்டுக்கொரு வரைபடத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பின்னர் பல நாடுகளில் ஹெலிகாப்டர்களும் சிறு விமானங்களும் இரையைத் தூவின. சுவிட்சர்லாந்து 1990களின் கடைசியிலும், பிரான்ஸ் 2001இலும், ஜெர்மனி 2008இலும் நரி ரேபிஸிலிருந்து விடுபட்டதாக அறிவித்தன.

அதே 2008இல் இத்தாலியின் வடகிழக்கு மூலையில் ரேபிஸ் மறுபடி தென்பட்டது. பத்தாண்டுக்கு மேல் நோயே இல்லாத நாடு அது. வைரஸ் கிழக்கே பால்கன் பக்கமிருந்து எல்லை தாண்டியிருந்தது. நரிகளைச் சோதிக்கும் வழக்கத்தை அங்கே விட்டுவிடாததால் அது கண்ணில் பட்டது. அடுத்து ஹெலிகாப்டர்கள் இரையோடு கிளம்பின.