கடற்கரையில் ஆமைக் கணக்கு

ஜனவரி பிறந்தால் சென்னைக் கடற்கரையில் இரவு நடை தொடங்கிவிடும். நள்ளிரவு வாக்கில் நீலாங்கரையில் கிளம்பும் குழு, அலையோரமாகவே பெசன்ட் நகர் வரை சுமார் 7 கிலோமீட்டர் நடக்கும். முட்டையிடக் கரையேறும் பங்குனி ஆமையைத் தேடித்தான் இந்த நடை. 1970களில் ஊர்வன ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கரும் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்களும் தொடங்கிய வேலையை, 1988இல் மாணவர்கள் அமைத்த கடலாமைப் பாதுகாப்புக் குழு கையில் எடுத்தது. சம்பளம் கிடையாது, மறுநாள் வகுப்புக்கோ வேலைக்கோ போக வேண்டியவர்கள்தான் நடக்கிறார்கள்.

பெரும்பாலும் ஆமையைவிட அதன் தடம்தான் முதலில் கண்ணில் படும். துடுப்புகளை மாற்றி மாற்றிப் போட்டு ஊர்வதால், ஏறத்தாழ இரண்டரை அடி அகலத்தில் மணல் கீறிக் கிடக்கும். ஏறிய தடம் ஒன்று, இறங்கிய தடம் ஒன்று. இரண்டுக்கும் நடுவே மணல் கலைந்திருந்தால் கூடு இருக்கலாம். கலையவில்லை என்றால் முட்டையிடாமலே திரும்பிவிட்டது என்று பொருள், அதையும் குறித்துக்கொள்வார்கள்.

முட்டையிட்டதும் ஆமை குழியை மூடி, தன் உடம்பாலேயே தட்டித் தட்டி மணலை இறுக்கிவிட்டுப் போகும். ஆகவே மேலோட்டமாகப் பார்த்தால் இடம் பிடிபடாது. அனுபவசாலி ஒருவர் கம்பை மெதுவாக ஊன்றிப் பார்ப்பார். சுற்றிலும் கெட்டியாக இருக்கும் மணல், ஓரிடத்தில் மட்டும் சட்டென்று இளகும். அதற்குமேல் கம்புக்கு வேலையில்லை. கையால்தான் தோண்ட வேண்டும். வாய் குறுகி, அடி அகன்று, ஒன்றரை அடி ஆழத்தில் இருக்கும் குழியில், பிங்பாங் பந்து போன்ற முட்டைகள் சுமார் நூறு கிடக்கும்.

அவற்றை அப்படியே விட முடியாது. நாய்கள் கிளறிவிடும். தப்பிப் பொரிக்கும் குஞ்சுகளோ, கடல் என்று நம்பித் தெருவிளக்கை நோக்கிப் போகும். எனவே முட்டைகளை வேலியிட்ட பொரிப்பகத்துக்கு மாற்றுகிறார்கள். இதில் நேரம் முக்கியம். இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பிறகு முட்டையைப் புரட்டினால் கரு செத்துவிடும். பொரிப்பகத்தில் அதே ஆழம், அதே வடிவத்தில் குழி பறித்துப் புதைப்பார்கள். மணலின் வெப்பம் சுமார் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் பெண் குஞ்சுகளே மிகுதியாகும் என்பதால், எந்த மணலில் எப்போது புதைத்தோம் என்பதும் பதிவாக வேண்டியதே.

கூடு கிடைத்த இடம், நேரம், முட்டை எண்ணிக்கை ஆகியவற்றை அன்றிரவே எழுதுவார்கள். 45 முதல் 60 நாளில் குஞ்சுகள் மேலே வந்ததும் அவற்றை எண்ணிக் கடலில் விட்டு, பொரியாத முட்டைகளையும் எண்ணினால் அந்தக் கூட்டின் கணக்கு முடிந்தது.

இறந்து ஒதுங்கும் ஆமைகளுக்கும் கணக்கு உண்டு. ஓட்டின் நீளத்தை அளந்து, வாலைப் பார்த்து ஆணா பெண்ணா என்று குறிப்பார்கள். ஆணுக்கு வால் நீளம். மறுநாள் வருபவர்கள் அதையே திரும்ப எண்ணிவிடாதபடி பெயின்ட்டால் அடையாளமிடுவது வழக்கம். கடலாமைக்கு இருப்பது நுரையீரல். இழுவைமடி வலையில் சிக்கி மேலே வர முடியாமல் போனால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு வழக்கத்துக்கு மாறானது என்று அடித்துச் சொல்ல, முந்தைய ஆண்டுகளின் கணக்கு கையில் இருக்க வேண்டும்.

வார இறுதி நடைகளில் பொதுமக்களும் சேரலாம். டார்ச் அடிக்கக் கூடாது, ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்கக் கூடாது. வெளிச்சம் கண்டால் ஆமை முட்டையிடாமலே திரும்பிவிடும். பல இரவுகளில் ஒன்றுமே தட்டுப்படாது. அன்றைக்கும் தேதியிட்டுப் பூஜ்யம் என்று எழுதத்தான் வேண்டும். யாரும் நடக்காததால் கூடு கிடைக்காத இரவும், நடந்தும் கிடைக்காத இரவும் ஒன்றல்ல.