ஐந்து விநாடி மின்தடையும் அழியக்கூடாத ஆவணங்களும்

எங்கள் பக்கத்தில் மின்சாரம் மணிக்கணக்காக நிற்பதைவிட, ஒரு தடவை போய் உடனே திரும்பி வருவதுதான் அதிகம். காற்றுக்குத் தென்னோலை கம்பியில் விழுந்தாலே போதும். மின்குமிழுக்கும் மின்விசிறிக்கும் அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கணினிக்கு அப்படியல்ல.

எங்கள் சனசமூக நிலையத்தில் நான் பராமரித்து வரும் கணினி உள்ளங்கைக்குள் அடங்கும். பெயர் ராஸ்பெரி பை. 2012 இல் பிரித்தானியாவில் மாணவர்களை மனதில் வைத்து வெளியிடப்பட்ட ஒற்றைப் பலகைக் கணினி வகை. அதற்குள் இருப்பவையோ விலை மதிக்க முடியாதவை: இடம்பெயர்ந்த இடமெல்லாம் சொப்பிங் பையில் சுற்றிக் காவித் திரிந்த காணி உறுதிகள், பிறப்புச் சான்றிதழ்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்கள், வயதானவர்களின் குரல் பதிவுகள். சிலவற்றின் மூலப்பிரதி செல்லரித்துவிட்டது. ஸ்கான் செய்த பிரதி மட்டுமே மிச்சம்.

1990 இற்குப் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாத ஆண்டுகள் பலருக்கு நினைவிருக்கும். பற்றரியும் தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். சுற்றுபவர் களைத்தால் குரல் நிற்கும்; மீண்டும் சுற்றினால் மீண்டும் பேசும். வானொலிக்கு எதையும் நினைவில் வைத்திருக்கும் வேலை இல்லை. கணினிக்கு அதுதான் வேலை.

ராஸ்பெரி பை பெரும்பாலும் மெமரி கார்ட்டில் இருந்துதான் இயங்குகிறது. அந்தக் கார்ட் ஒரு கோப்பை எழுதும்போது அந்தக் கோப்பை மட்டும் தொடுவதில்லை. பெரிய பகுதியாக அழித்து, அருகில் உள்ள தரவுகளையும் இடம் மாற்றி எழுதுகிறது. நடுவில் மின்சாரம் நின்றால், நாங்கள் அன்று திறந்தே பார்க்காத பழைய படம்கூடப் பழுதாகலாம். ஆகவே கணினியை இரவு முழுக்க ஓட வைப்பது முதல் தேவையல்ல. எழுதிக்கொண்டிருப்பதை முடித்து ஒழுங்காக மூடுவதற்கு ஓரிரு நிமிடம் கொடுப்பதே முதல் தேவை.

சாதாரண மின்தேக்கி ஒன்றைப் பொருத்தினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். 1000 மைக்ரோஃபரட் மின்தேக்கி, 1 அம்பியர் எடுக்கும் கணினியை ஒரு விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரம்கூடத் தாங்காது. 100 ஃபரட் சுப்பர் மின்தேக்கியும் அதற்குரிய மாற்றிச் சுற்றும் இருந்தால் ஏறத்தாழ அரை நிமிடம் கிடைக்கும். அதற்கு மேல் வேண்டுமானால் பற்றரிதான்.

கையில் இருக்கும் பவர் பாங்க்கைப் போடலாமா என்பது அடுத்த கேள்வி. பலவற்றில், சார்ஜர் மின்சாரம் போகும்போதும் வரும்போதும் வெளியீடு ஒரு கணம் அறுந்து போகும். அந்த ஒரு கணமே கணினியை அணைத்துவிடும். வாங்குமுன் ஏதாவது ஒன்றை அதில் ஓடவிட்டு, சார்ஜரைப் பிடுங்கியும் செருகியும் பாருங்கள். 2022 மின்வெட்டுக் காலத்தில் ரவுட்டருக்கென்று பலரும் வாங்கிய சிறிய யூ.பி.எஸ். இன்னும் பல வீடுகளில் உண்டு. அதன் 5 வோல்ற் வெளியீடு எத்தனை அம்பியர் என்று பாருங்கள். ராஸ்பெரி பை 4 இற்கு 3 அம்பியர் தரக்கூடியது பரிந்துரைக்கப்படுகிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ 4.63 வோல்ற்றுக்குக் கீழே இறங்கினால் திரையில் மின்னல் குறி தோன்றும். அது வந்தால் முதலில் மெல்லிய கேபிளை மாற்றிப் பாருங்கள்.

நான் பயன்படுத்துவது இன்னும் எளிமையானது: 12 வோல்ற், 7 அம்பியர் மணி மூடிய பற்றரி ஒன்று. சார்ஜர் பற்றரிக்கு ஏற்றிக்கொண்டே இருக்கும். கணினி எப்போதும் பற்றரியில் இருந்தே எடுக்கும். மின்சாரம் போகும்போது மாறிக்கொள்ள எதுவும் இல்லாததால் இடைவெளியும் இல்லை. பாதிக் கொள்ளளவை மட்டும் பாவித்தாலும், 5 வாற் எடுக்கும் கணினி ஆறேழு மணி நேரம் ஓடும். மூன்று விடயங்களில் கவனம் தேவை. சார்ஜர், நிரம்பிய பின் 13.5 முதல் 13.8 வோல்ற்றில் நிற்கும் வகையாக இருக்க வேண்டும். பற்றரி முனைக்கு அருகிலேயே ஃபியூஸ் வேண்டும். 12 ஐ 5 ஆகக் குறைக்க 7805 போதாது. மிகுதி 7 வோல்ற்றையும் அது வெப்பமாகவே வெளிவிடும். சுவிட்சிங் வகை மாற்றியை வாங்குங்கள். பழைய மடிக்கணினிகளில் கழற்றிய, வீங்கிய லித்தியம் பற்றரிகளைப் பணம் மிச்சம் என்று பாவிக்க வேண்டாம். தீப்பிடிக்கும்.

பற்றரியும் ஒரு நேரம் தீரும். ராஸ்பெரி பைக்கென்று விற்கப்படும் சில யூ.பி.எஸ். பலகைகள் மின்சாரம் போனதைக் கணினிக்குச் சொல்லும். அது தானாகவே மூடிக்கொள்ளும்படி அமைக்கலாம். கோப்புகளைக் காட்ட மட்டுமே பயன்படும் கணினி என்றால், அமைப்புப் பட்டியலில் ஓவர்லே என்ற தெரிவைச் செயற்படுத்துங்கள். இயங்குதளம் அதன்பின் கார்ட்டில் எழுதாது. மாற்றங்கள் தற்காலிக நினைவகத்திலேயே நிற்கும். புதிய படம் சேர்க்கும் நாளில் அதை நிறுத்தி, வேலை முடிந்ததும் மீண்டும் போடலாம்.

இத்தனை செய்தாலும் ஒரு பிரதி பாதுகாப்பல்ல. 1981 இல் யாழ் நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் அந்த இரவோடு போயின. மாதம் ஒரு தடவை முழுவதையும் வெளி வன்தட்டில் பிரதியெடுத்து வேறொரு வீட்டில் வையுங்கள். முடிந்தால் வெளிநாட்டில் உள்ள உறவினர் ஒருவரிடமும் ஒன்று இருக்கட்டும். பிரதியெடுத்ததும் நாலைந்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் இல்லாததற்குச் சமம்.