ஒரே பாட்டு... ஆளுக்கொரு மெட்டு!

குட்டீஸ்! காலையில் பள்ளிப் பிரார்த்தனைக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து பாடுவீர்கள்தானே? 500 பேர் பாடினாலும் மெட்டு ஒன்றுதான். பக்கத்தில் நிற்பவன் கொஞ்சம் மாற்றினால், "ஏய்... ஒழுங்காப் பாடுடா!" என்று முறைப்போம். ஆனால், வேண்டுமென்றே ஆளுக்கொரு மெட்டில், ஒரே நேரத்தில் பாடும் குடும்பம் ஒன்று இங்கிலாந்தில் இருக்கிறது. கேட்க அத்தனை இனிமை! கிட்டார், வயலின் எதுவும் கிடையாது. தொண்டை மட்டும்தான்!

அங்கே போவதற்கு முன், நம்ம கடற்கரைக்கு ஒரு நடை போய் வருவோமா? மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி. தெற்கே எண்ணூர், திருவொற்றியூர், காசிமேடு என்று வரிசையாக மீனவர் குப்பங்கள். என்ஜின் படகு வருவதற்கு முன் எல்லாம் துடுப்பும் பாயும்தான். துடுப்புப் போடும்போதும், வலை இழுக்கும்போதும் 'அம்பா' பாட்டு பாடுவார்கள். ஒருவர் வரியை எடுத்துக் கொடுப்பார். மற்றவர்கள் 'ஏலேலோ' என்று பதில் சொல்லிக்கொண்டே ஒன்றாக இழுப்பார்கள். பாட்டு தப்பினால் கையும் தப்பும்! துடுப்பைப் போல அதுவும் ஒரு கருவி. என்ஜின் வந்ததும் அந்தக் கருவிக்கு வேலை குறைந்துபோனது.

இங்கிலாந்துப் பாய்மரக் கப்பல்களிலும் இதே கதைதான். கயிறு இழுக்க, நங்கூரம் தூக்க 'ஷாண்டி' என்ற பாட்டுகள் இருந்தன. நீராவிக் கப்பல் வந்தது, பாட்டு அடங்கியது.

ஆனால், சசெக்ஸ் கடற்கரையில் உள்ள ராட்டிங்டீன் கிராமத்துக் காப்பர் குடும்பம் பாட்டை விடவில்லை. இவர்கள் ஆடு மேய்த்தவர்கள், வயலில் உழைத்தவர்கள். 1898ல் ஜேம்ஸ் காப்பர், டாம் காப்பர் என்ற சகோதரர்கள் பாடுவதைக் கேட்டு, கேட் லீ என்ற பெண்மணி பாடல்களைக் குறித்துக்கொண்டார். அதே ஆண்டு லண்டனில் தொடங்கிய நாட்டுப்புறப் பாடல் சங்கத்தில், அண்ணன் தம்பி இருவருக்கும் கௌரவ உறுப்பினர் பதவி கிடைத்தது!

1922ல் ஜேம்ஸ் தாத்தா பாட்டு வரிகளை ஒரு நோட்டில் எழுதினார். 1936ல் அவர் மகன் ஜிம்மும் எழுதினார். மெட்டு? அது காதோடு காதாக வந்ததுதான். ஜிம்மின் மகன் பாப் காப்பர், 2004ல் 89 வயதில் மறையும்வரை பாடினார். இப்போது அவருடைய பேரப்பிள்ளைகளும் பாடுகிறார்கள்.

சரி, இரண்டு மெட்டு எப்படி ஒன்றாகச் சேரும்? ஒருவர் 'ச' பிடிக்க, இன்னொருவர் 'ப' பிடித்தால் இரண்டும் சண்டை போடாது. அப்படி ஒத்துப்போகும் சுரங்களாகப் பார்த்து, ஒருவர் மேலேயும் மற்றவர் கீழேயும் நடப்பார்கள். நம்ம பக்கத்துத் தேவாலயங்களில் கிறிஸ்துமஸ் பாட்டைப் பாகம் பிரித்துப் பாடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதேதான்! ஆர்கன் இல்லாமல் பாடுவதுதான் கஷ்டம். பிடித்துக்கொள்ள சுதிப்பெட்டி இல்லையே! அடுத்தவர் குரலைக் கேட்டுக்கொண்டேதான் பாட வேண்டும். கொஞ்சம் அசந்தாலும் சுதி மெதுவாகக் கீழே இறங்கிவிடும். பெரிய பாடகர் குழுக்களுக்கே இது நடக்கும்!

குப்பத்தில் தாத்தா, பாட்டி யாராவது இருந்தால் அம்பா பாட்டு தெரியுமா என்று கேளுங்கள். வரிகளை நோட்டில் எழுதுங்கள். மெட்டை எழுதுவது கஷ்டம். ஆகவே, அப்பாவின் செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். ஜேம்ஸ் தாத்தாவுக்கு அந்த வசதி இல்லை!

இப்போது ஒரு விளையாட்டு. மீஞ்சூரில் ரயில் ஏறியதும் நீங்கள் 'ச' பிடியுங்கள். உங்கள் நண்பன் 'ப' பிடிக்கட்டும். காதைப் பொத்தக் கூடாது. மூச்சு வாங்கலாம், சுதி மாறக் கூடாது. நந்தியம்பாக்கம் வரும்வரை யார் தாக்குப் பிடிக்கிறார்கள், பார்ப்போம்!